ஃபேனைக் குறைக்கச் சொன்ன பேய்

மச்சான்: சிரிக்காத மாப்ள. கேம் கம்பெனிக்காரன் காலையிலேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்.

மாப்பிள்ளை: நான் சிரிக்கல. நீதான் சிரிக்கிற.

மச்சான்: கதை எழுதின டைரக்டர், நான் சிரிக்கலாம். சவுண்டு போட்ட நீ சிரிக்கக் கூடாது. "காட்டுல, பாழுங்கிணத்துக்குள்ள இருக்கற பேய் எதுக்கு சார் ஃபேனைக் குறைக்கச் சொல்லுது?"ன்னு கேக்கறான். என்ன பதில் சொல்ல?

மாப்பிள்ளை: ...யாருக்குக் கேட்டுச்சு?

மச்சான்: கேமை டெஸ்ட் பண்றவருக்கு. கிணத்துப் பக்கத்துல ஆட்டத்தை அப்படியே விட்டுட்டு டீ குடிக்கப் போயிருக்கார். திரும்பி வந்தா பேய் உறுமிக்கிட்டே இருக்கு. நடுவுல ஒரு பொம்பளக் குரல்... "ஃபேனைக் குறைங்க"ன்னு. டீயைக் கொட்டிட்டாராம்.

மாப்பிள்ளை: வழக்கமா உறுமலை மட்டும் வெட்டிப் போடுவேன். இந்தத் தடவை தெரியாம முழுசாப் போட்டுட்டேன். வெட்டிடறேன்.

மச்சான்: வெட்டினாப் போதாது. உறுமலே வேணாமாம். அதைக் கேட்டா பயம் வரலையாம், கொட்டாவி வருதாம்.

மாப்பிள்ளை: பேயோட லட்சணம் அப்படி. தலைமுடிக்குத் தரை துடைக்கிற மாப்பு.

மச்சான்: மாப்பைப் படம் எடுத்துக் குடுத்ததே நாமதான்டா.

மாப்பிள்ளை: அன்னைக்கு அதான் கையில இருந்துச்சு.

மச்சான்: சரி கேளு. அவனே வேற உறுமல் வாங்கி வச்சிருக்கான். புலியும் பன்னியும் கலந்தது. அதைப் போட்டு சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். இல்லேன்னா வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவான்.

மாப்பிள்ளை: முடியாது.

மச்சான்: ஏன்?

மாப்பிள்ளை: அது... நம்ம அடையாளம் மாதிரி. படத்துலயும் அதான். டிவி சீரியல்லயும் அதான்.

மச்சான்: படத்தைப் பார்த்தவங்கள்ல பாதிப் பேர் நம்ம சொந்தக்காரங்க. மீதிப் பேர் தியேட்டர் மாறி வந்தவங்க.

மாப்பிள்ளை: பயந்தாங்கல்ல?

மச்சான்: எங்கம்மா அழுதுச்சு.

மாப்பிள்ளை: அத்தையா? பேய்ப் படத்துக்கா?

மச்சான்: படம் அவ்வளவு மோசம். அத விடு. அது என்ன சத்தம் மாப்ள? படத்தப்போ கேட்டேன், பழைய மிக்ஸின்னே. சீரியலப்போ கேட்டேன், பக்கத்து வீட்டு நாய்ன்னே.

மாப்பிள்ளை: மிக்ஸிதான்.

மச்சான்: மிக்ஸி ஃபேனைக் குறைக்கச் சொல்லுமா? நாய் சொல்லுமா?

மாப்பிள்ளை: விடு மச்சான்.

மச்சான்: விட்டுடறேன். என் கண்ணு முன்னாடி அதை எடுத்துட்டுப் பன்னியைப் போடு. போயிடறேன். ...என்ன, மௌஸைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்க?

மாப்பிள்ளை: கை வரல.

மச்சான்: ஒரு உறுமலுக்கா?

மாப்பிள்ளை: உறுமல் இல்ல. குறட்டை.

மச்சான்: யாரோட...

மாப்பிள்ளை: உன் தங்கச்சியோடது. குறட்டையே விடமாட்டேன்னு சாதிப்பாளே... நிரூபிக்கணும்னு ஒரு ராத்திரி தலைமாட்டுல மைக்கை வச்சேன். காலையில போட்டுக் காட்டினா, "இது நீங்க"ன்னுட்டா.

மச்சான்: ஒத்துக்கவே மாட்டா.

மாப்பிள்ளை: அவ தவறிப் போனப்புறம் தேடிப் பார்த்தேன். கதவு, மழை, கண்டவன் செருப்புச் சத்தம் எல்லாம் பதிஞ்சு வச்சிருக்கேன். அவ பேசினது இல்ல. குறட்டைக்கு நடுவுல சொன்ன அந்த 'ஃபேனைக் குறைங்க' மட்டும்தான்.

மச்சான்: அதைக் கொண்டு போய்ப் பேய்க்குக் குடுத்திருக்க.

மாப்பிள்ளை: சும்மா உக்காந்து கேக்க முடியல மச்சான். வேலைன்னா கேக்க முடியுது. அடுத்த பேய் வேலை வந்தா மறுபடியும் கேக்கலாம்னு... திட்டணும்னா திட்டு.

மச்சான்: அவளுக்குக் கல்யாணம் ஆகற வரைக்கும் அந்தக் குறட்டையில தூக்கம் வராம பக்கத்துக் கட்டில்ல புரண்டவன்டா நான். எனக்குத் தெரியாதா? முதல் படத்துலயே தெரியும். அம்மாவுக்கும் தெரியும். கம்பெனிக்காரனுக்குப் பன்னியைப் போட்டுக் குடுத்துடு... காதல் கதை எழுதிட்டிருந்தவன், வரிசையாப் பேய்க் கதையா எழுதறேனே, எதுக்குன்னு நினைச்ச?