கரையான் வந்தால்தான் ஆயில்

காந்திபுரத்தில் மேட்டுப்பாளையம் பஸ் இன்னும் கிளம்பவில்லை. முன் சீட்டில் பட்டுச்சேலை கட்டிய பெண் ஒருவர் தன் கணவரிடம் பொரிந்துகொண்டிருந்தார்.

“ஊருலகத்துல கிலோமீட்டரப் பாத்து வண்டிக்கு ஆயில் மாத்துவாங்க. கரையானப் பாத்து மாத்தறது நீங்க ஒருத்தருதானுங்க!”

“மாட்டுக்கொட்டாய்த் தூணுக்குப் பூசறதுக்குப் பழைய ஆயில் வேணுமில்ல?”

“அதுக்குன்னு தூணுல கரையான் ஏறற வரைக்கும் வண்டியில கறுத்துப்போன ஆயிலே கெடக்கோணுமா? இப்பப் பாருங்க, பீளமேட்டுலயே இஞ்சின் ஜாமாகி நின்னுபோச்சு. தம்பி கல்யாணத்துக்கு இணைச்சீர் செய்யறது கூடப்பொறந்த அக்கா நானு. இந்நேரம் எஞ் சித்தப்பா மக எனக்குப் பதிலா மணவறையில நின்னுட்டிருப்பா!”

கணவருக்கும் ரோசம் வந்துவிட்டது.

“கொறையறப்பல்லாம் மேல ஊத்திட்டுத்தான புள்ள இருந்தேன்? ஒருக்காப் பூசுனா ரெண்டு வருசத்துக்குக் கரையான் அண்டாது, தெரியுமா உனக்கு?”

“ரெண்டு வருசமா மாத்தவேயில்லீங்களா?”

கண்டக்டர் விசில் கொடுத்தார்.

“தூணு நல்லாத்தான இருக்குது? அதும்மேலயே உக்கார வெச்சு என்னையக் கூட்டிட்டுப் போயிருக்கலாமுங்க!”