பெரியவரிடம் அனுமதி கேளுங்கள்

ரவுட்டரைத் தரையில் வைக்கக்கூடாது. பலர் செய்யும் தவறு அது. டிவிக்குப் பின்னால் திணிப்பார்கள், செருப்பு அலமாரிக்குள் ஒளித்துவைப்பார்கள், பிறகு லைன் சரியில்லை என்று கம்பெனிக்காரனைத் திட்டுவார்கள். வீட்டின் நடுவில், ஆளுயரத்துக்கு மேலே, ஒரு மரப்பலகையில் வைத்தால் எல்லா அறைக்கும் ஒரே சீராகக் கிடைக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் வைத்தேன். அந்தப் பலகைக்குக் கீழே ஸ்டூல் ஏன் கவிழ்ந்து கிடந்தது என்று கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கில்லை.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூடிக்கிடக்கும் கிடங்கு ஒன்றின் பின்னால், பள்ளத்தில் இருக்கிற தனி வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வேறு வீடு கிடையாது. கிடங்கின் தகரச் சுவர் மறைப்பதால், எந்த சிம் போட்டாலும் வீட்டுக்குள் ஒரு கோடுகூட வராது. மொட்டை மாடிக்குப் போனால் மட்டும் வரும். வீட்டை நான்தான் பார்த்துப் பிடித்தேன். எனக்கு அமைதி பிடிக்கும். குடிவந்த புதிதில் என் மனைவி துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போய் அவள் அக்காவிடம் பேசுவாள். இறங்கி வரும்போது நெஞ்சு விசிலடிக்கும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான், வைஃபை இருந்தால் வீட்டுக்குள்ளிருந்தே போன் பேசலாம் என்று கேள்விப்பட்டு, நானே போய் இணைப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேபிள்காரர் வந்தார். வாய் ஓயாத மனிதர், ஆனால் வேலை சுத்தம். ஜன்னலோரம் துளை போட்டு, நூல் போன்ற கம்பியை உள்ளே இழுத்தார். ரவுட்டரின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின.

"அக்கா, இனிமே மாடியேற வேணாம். அடுப்படியில நின்னுக்கிட்டே உலகக் கதையெல்லாம் பேசலாம்," என்றார். அவள் சிரித்துக்கொண்டே டீ போட உள்ளே போனாள்.

அவள் போன பிறகுதான் அந்த விஷயத்தை என்னிடம் சொன்னார். "சார், இதுக்கு ரெண்டு பாஸ்வேர்டு. ஒண்ணு வைஃபைக்கு, அத வீட்ல எல்லாருக்கும் குடுங்க. இன்னொண்ணு ரவுட்டருக்குள்ள போய் எதையாச்சும் மாத்தறதுக்கு. அடியில ஸ்டிக்கர்ல இருக்கும் பாருங்க, அத இன்னிக்கே மாத்திடுங்க. யாரும் மாத்தறதில்ல. அது யார் கையில இருக்கோ, லைன் அவங்க கையில."

அன்றே மாற்றினேன். வைஃபை பாஸ்வேர்டாக அவள் பிறந்தநாளை வைத்தேன். அதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். அக்காவிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள். இன்னொரு பாஸ்வேர்டு இருப்பது அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சாயங்காலம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்காவுக்கு வீடு முழுவதையும் சுற்றிக்காட்டினாள். பாத்ரூம் குழாயைக்கூட விடவில்லை. பால் பொங்கி வழிந்தபோது அடுப்பை நான்தான் அணைத்தேன். அக்காவும் தங்கையும் ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்னோடு பேசும்போது அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளக்கூடும். பொறாமைப்படுகிற ஆள் இல்லை நான். எதற்கும் ஓர் அளவு வேண்டும் என்று நினைக்கிறவன், அவ்வளவுதான்.

என் வேலையும் அதுதான். பிஸ்கட் ஆலையில் தரம் பார்க்கிறேன். பெல்ட்டில் வருவதில் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்ப்பேன். பச்சைப் பொத்தானை அழுத்தினால் சரக்கு போகும், சிவப்பை அழுத்தினால் நிற்கும். நான் நிறுத்தியதை முதலாளியே வந்து சொன்னாலும் ஓட்ட முடியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் முகதாட்சண்யம் பார்க்கக்கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சும்மா இருக்கப் பிடிக்காமல், என் போன் வழியாக ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தேன். 'குழந்தைகள்' என்று ஒரு பகுதி இருந்தது. பிள்ளைகளின் போனுக்கு எப்போது லைன் விடுவது, எப்போது நிறுத்துவது என்று பெற்றோர் முடிவு செய்கிற இடம். எங்களுக்குக் குழந்தை இல்லை. வசதி இருந்தும் வீணாகக் கிடப்பானேன் என்று அவள் போனை அதில் சேர்த்தேன். பெயர் கேட்டது; 'குழந்தை' என்று கொடுத்தேன். நான் ஆலையில் இருக்கிற நேரமெல்லாம் லைன் கிடையாது, வீட்டுக்கு வந்ததும் உண்டு என்று வைத்தேன். காரணம் அவள் போனில் தெரியாதபடியும் பார்த்துக்கொண்டேன்.

பாவம், லைனில்தான் கோளாறு என்று நினைத்தாள். ஸ்டூல் போட்டு ஏறி ரவுட்டரைத் துடைப்பாள், அணைத்து அணைத்துப் போடுவாள், சாமியிடம் வேண்டுவதுபோல் அதனிடம் வேண்டுவாள். "நீங்க வாசல்ல கால் வெச்சதும் வந்துடுதுங்க. உங்களைக் கண்டா அதுக்கும் பயம்போல," என்றாள் ஒருநாள்.

"ராசியான கால்," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அது நல்ல நாள்.

அக்காதான் விடவில்லை. "தம்பி, பகல்ல எப்போ கூப்பிட்டாலும் அவ கிடைக்கவே மாட்டேங்கறா. தனியா இருக்கறவ, இழுப்பு வேற. அந்தக் கேபிள்காரரை வரச்சொல்லிப் பாருங்களேன்," என்று என்னிடம் சொன்னாள். பார்க்கலாம் என்றேன். ஆனால் என் மனைவி அதற்குள் மாடியேறி அவரைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் தன் போனைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார், லைன் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. அவள் போனில் மட்டும் இல்லை. "லைன்ல ஒண்ணும் இல்லக்கா. சார் உங்க போனைப் புள்ளைங்க கணக்குல சேத்துட்டாருபோல, அவரையே கேளுங்க," என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வாய் ஓயாத மனிதர் என்று சொன்னேனே.

அன்று நான் வந்தபோது விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் என்ன குழந்தையா?"

"அதுல வேற தலைப்பு இல்ல," என்றேன். அது உண்மை.

"எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரைக் கூப்பிடுவேன்? மாடிக்கு ஏறித்தான் சாகணுமா?"

"என்னைக் கேளு. கேட்டா குடுக்கப்போறேன். கேக்கறதுல உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

கேட்பதற்கும் ரவுட்டரிலேயே வழி இருந்தது. அதை அவளுக்குத் திறந்துவிட்டேன். நிறுத்தின நேரத்தில் அவள் போனைத் திறந்தால், 'உங்கள் நேரம் முடிந்தது, பெரியவரிடம் அனுமதி கேளுங்கள்' என்று வரும். கீழே ஒரு பொத்தான். அவள் அதை அழுத்தினால் ஆலையில் என் சட்டைப்பை அதிரும். 'குழந்தை நேரம் கேட்கிறது, அனுமதிக்கவா?' என்று என் போன் கேட்கும். கொஞ்ச நேரம் கொடுப்பேன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் என் மனைவி பகலில் என்னை நினைத்தது அந்த நாட்களில்தான். பெல்ட் ஓடும் சத்தத்துக்கு நடுவே அந்த அதிர்வுக்காக நான் காத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். வைராக்கியம். சாயங்காலம் லைன் வந்தாலும் போனைத் தொடமாட்டாள். சோற்றை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். சட்டைப்பையில் போன் செத்துக் கிடந்தது. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். இவள் அழவே மாட்டேன் என்கிறாள். கேட்காதவளுக்கு எதற்கு என்று சாயங்கால லைனையும் நிறுத்தினேன்; அடுத்த முறை கேட்கும்போது உடனே கொடுப்பதில்லை என்றும் அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்கட்டும், அருமை தெரியும் என்று நினைத்தேன்.

அன்று விடியும்போதே அவளுக்கு இழுப்பு. கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தாள், தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இன்ஹேலரைக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். "தீர்ந்துபோச்சு. வாங்கிட்டு வந்துடுங்க," என்றாள். பல நாளைக்குப் பிறகு என்னிடம் பேசியது அதுதான். சாயங்காலம் வரும்போது வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நான் எதையும் மறக்கிறவன் இல்லை. மருந்துக்கடை ரசீது நீங்கள் எடுத்துவைத்த பொருள்களோடு இருக்கும், பாருங்கள்.

மதியத்துக்கு முன் சட்டைப்பை அதிர்ந்தது. மறுத்தேன். உடனே இன்னொருமுறை அதிர்ந்தது. மறுத்தேன். அதற்குப் பிறகு விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. ஒரு கையால் பிஸ்கட்டை உடைத்துப் பார்த்தேன், மறுகையின் கட்டைவிரலால் மறுத்தேன். அக்காவிடம் என்னைப் பற்றிக் குறை சொல்லத்தான் கேட்கிறாள் என்று நினைத்ததாக நேற்று உங்களிடம் சொன்னேன். அதை இப்போது திருத்திக்கொள்கிறேன். காலையில் அவள் தோள்களைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். முதல் முறையே தெரியும். இன்னும் ஒருமுறை கேட்டால் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கேட்டாள். அப்போதும் அப்படியே நினைத்தேன்.

பிறகு போன் அமைதியாகிவிட்டது. நான் சாப்பிட்டேன். மீதி வேலையையும் முடித்தேன்.

ஸ்டூலைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா. ரவுட்டரை அணைத்துப் போட்டால் லைன் வரும் என்று ஏறியிருப்பாள், பழைய பழக்கம். இழுப்பில் நிற்க முடியாமல் ஸ்டூல் கவிழ்ந்து, அது எட்டாமல்போய்த்தான் மாடிப்படிக்குப் போயிருக்கிறாள். பாதிப் படியில் சுவரில் சாய்ந்தபடி இருந்தாள். போன் கையிலேயே இருந்தது. புது இன்ஹேலரைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன்.

கடைசியாக வந்த ஒன்றுக்கு மட்டும் நான் பதில் சொல்லாமல் விட்டிருந்தேன். அந்தக் கேள்வி என் போனில் அப்படியே நின்றிருந்தது. அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்து அதற்கு அனுமதி கொடுத்தேன். உடனே லைன் வந்தது. நான் அமைத்த லைன் ஒருநாளும் தாமதித்ததில்லை. அக்காவின் செய்திகள் அவள் கையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. 'எங்கடி இருக்கே?' என்பதுதான் முதலில் வந்தது. எல்லாம் வந்து முடிந்த பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். ஆனால் கேட்டும் கொடுக்காதவன் என்று மட்டும் எழுதவேண்டாம்.