பிறை தெரிவதற்கு முன்

காதலுக்காக உயிரைக் கொடுப்பதைவிட மேலான காரியம் இந்த மண்ணுலகில் வேறெதுவும் இல்லை. எங்கள் ஹேராத் நகரத்தில் இதைக் காலைப் பசியாறுவதற்கு முன்பே சொல்லிவிடுவோம். பிறகு உட்கார்ந்து ரொட்டியும் பாலாடையும் வயிறு முட்டத் தின்போம். எனக்குத் தெரிந்து இந்த ஊர்க் கவிஞர்களில் காதலால் செத்தவர் ஒருவரும் இல்லை. அஜீரணத்தால் போனவர்கள் உண்டு.

குவாஜா பீர் அஹ்மதைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்கவேண்டும். அவர் உலர்பழ வியாபாரி. கழுத்து எங்கே முடிந்து முகம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத உடம்பு. நல்ல மனிதர். கவிதைக்காக அவர் வைத்துக்கொண்ட பெயர் குஷ்தா. கொலையுண்டவன் என்று பொருள். எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு கஜலின் கடைசி அடியிலும் கவிஞன் தன் பெயரைப் பொறிக்கவேண்டும். ஆகவே வாரந்தோறும் வஜீரின் சபையில், கடைசி அடி வந்ததும் குவாஜா செத்துப்போவார். ஒரு வாரம் அவளுடைய இமையின் அம்பு பட்டுச் சாவார். அடுத்த வாரம் கூந்தல் கயிற்றில் தொங்குவார். கண்ணீரில் மூழ்குவார், விட்டில்பூச்சியாகக் கருகுவார், அவள் தெருவின் புழுதியாகி அவள் வீட்டு நாயின் காலில் ஒட்டிக்கொள்வார். சபை ஆகா என்று தொடையைத் தட்டும். பிறகு முலாம்பழம் வரும். செத்தவருக்குத்தான் முதல் கீற்று.

ஒருநாள் கடையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டேன்.

“அண்ணே, அந்தப் பொண்ணு யாரு?”

“எந்தப் பொண்ணு?”

“நீங்க வாராவாரம் யாருக்காகச் சாகுறீங்களோ, அவ.”

அவர் ஒரு பிஸ்தாவை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். “யாரோ ஒருத்தி. வீடு எங்கன்னு தெரிஞ்சா கவிதை எழுதுவோமாடா தம்பி? நேரா வீட்டுக்கே போயிடுவோமே.”

இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நானும் கஜல் எழுதுகிறவன்தான். ஸபூர், அதாவது பொறுமைசாலி, என்பது என் கவிதைப் பெயர்; ஊரார் கூப்பிடுவது முல்லா என்று. என் கஜல்களுக்கும் சபையில் தலையாட்டுவார்கள். சில சமயம் அது தூக்கத்தில் ஆடுவது.

என் திறமை வேறு இடத்தில் இருந்தது. எங்கள் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. பெரிய மனிதர் யாராவது இறந்தால் அவரைப் பற்றி ஒரு வரி எழுதவேண்டும். அந்த வரியின் எழுத்துகளை எண்களாக்கிக் கூட்டினால் அவர் இறந்த ஆண்டு வரவேண்டும். அதைக் கல்லறையில் செதுக்குவார்கள். கேட்பதற்குச் சுலபம். உட்கார்ந்து எழுதிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். அழகான வரிக்கு ஆண்டு வராது. ஆண்டு வரும் வரியைக் கழுதைகூட மோந்து பார்க்காது. அரைகுறைக் கவிஞர்கள் ஒட்டுப் போடுவார்கள். கணக்கில் ஒன்று கூடிவிட்டால் ‘துயரத்தின் தலையைக் கொய்து பார்’ என்று எழுதி ஒன்றைக் கழிப்பார்கள். ஒன்று குறைந்தால் ‘ஒரு பெருமூச்சைச் சேர்த்துக்கொள்’ என்பார்கள். நான் ஒட்டுப் போட்டதே இல்லை. ஊரில் யாருடைய தகப்பனாருக்காவது மூச்சு வாங்கத் தொடங்கினால், மருத்துவருக்கு ஓர் ஆளும் எனக்கு ஓர் ஆளும் சேர்ந்தே புறப்படுவார்கள். மருத்துவரைவிட நான் நம்பிக்கையானவன் என்று பெயர் எடுத்திருந்தேன்.

சென்ற கோடையில் முலாம்பழம் அமோகமாக விளைந்தது. குவாஜா அளவுக்கு மீறித் தின்றுவிட்டு வயிற்றுப்போக்கில் படுத்தார். மருத்துவர் நாடியைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார். நண்பன் என்ற முறையில் நான் படுக்கையருகிலேயே இருந்தேன். மற்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள், எனக்குத் தெரிந்த உதவியை நான் செய்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த வரி விழுந்தது.

‘காதலின் வாசலில் கண்ணயர்ந்தான் குஷ்தா.’

எண்ணினேன். அந்த ஆண்டு வந்தது. தலையைக் கொய்யவேண்டாம், பெருமூச்சு வேண்டாம். அவர் பெயர் இருக்கிறது, அவர் காதல் இருக்கிறது, ஆண்டும் இருக்கிறது. இப்படி ஒன்று ஒரு கவிஞனுக்கு வாழ்நாளில் ஒருமுறை அமைந்தால் பெரிது. பலருக்கு அமைவதே இல்லை. அவர் காதருகே குனிந்து சொன்னேன். குவாஜாவின் கண்ணில் நீர் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இதுக்காகவே சாகலாம்டா தம்பி,” என்றார்.

இந்த வாக்கியத்தை நீங்கள் கவனத்தில் வைக்கவேண்டும். நான் கேட்டு வாங்கியதல்ல, அவராகச் சொன்னது. அன்றெல்லாம் அந்த வரியைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஷாத் பேகம் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து அதைக் கேட்டு விசும்பினார். எல்லாம் முறையாக நடந்துகொண்டிருந்தது.

பிறகு அவர் பிழைத்துவிட்டார்.

மாதுளந்தோல் கஷாயமாம். மருத்துவருக்கே வியப்பு. எனக்கு மகிழ்ச்சிதான், அதில் சந்தேகம் வேண்டாம். பிழைத்ததற்கு விருந்து வைத்தார். ஆட்டு வால்கொழுப்பு முழுசாக ஒன்று அவர் முன்னால் வந்து இறங்கியது. அது கரைவதைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். ஆண்டும் அப்படியே கரைந்துகொண்டிருந்தது. வரி மட்டும் என் நெஞ்சில் கிடந்தது, மாப்பிள்ளை வராத மணப்பெண்ணைப் போல.

அதை வேறு யாருக்காவது கொடுக்க முடியுமா என்று பார்த்தேன். அவர் பெயர் அதில் இருக்கிறதே. வேறு ஆண்டுக்கு மாற்றலாமா என்று பார்த்தேன். மாற்றினால் ஒட்டு. இதையெல்லாம் சொல்வது, அவசரப்பட்டவன் நான் அல்ல என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்காக. கடைசி வழியாக அவரிடமே பேசினேன். ஆண்டின் கடைசி மாதம் பிறந்திருந்தது.

“அண்ணே, அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்களே. இதுக்காகவே சாகலாம்னு.”

“ஆமா, சொன்னேன்.”

“வருசம் முடியப்போகுது.”

குவாஜா வயிறு குலுங்கச் சிரித்தார். “அடுத்த வருசத்துக்கு வேற ஒண்ணு எழுதிக் குடுடா. அதுக்கும் சொல்றேன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு தெளிவுதான் வந்தது. இந்த மனிதர் இவ்வளவு காலமும் ஒப்புக்குத்தான் செத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருடைய கஜல்களை அவரிடமிருந்து காப்பாற்றவேண்டும் என்று தோன்றியது. நாளைக்கு முதுமையில் இருமியே போய்ச்சேர்ந்தால் அத்தனை அம்புகளுக்கும் கூந்தல் கயிறுகளுக்கும் என்ன மரியாதை?

எங்கள் மாதம் பிறையில் பிறக்கிறது. கடைசி மாதத்தின் கடைசி மாலையில் ஊரே கூரைமேல் ஏறி மேற்கே பார்க்கும். பிறை தெரிந்துவிட்டால் அந்த நொடியிலிருந்து புது ஆண்டு. ஆகவே எனக்கு இருந்தது பிறை தெரிகிறவரைக்கும்தான். குவாஜாவின் கிடங்குக் கூரைக்கு நாங்கள் இருவரும் போனோம். திராட்சை காயப்போடும் கூரை அது. மூட்டைகளைக் கயிறு கட்டி இறக்குவதற்காக ஒரு பக்கம் சுவர் இல்லாமல் விட்டிருப்பார்கள். மேற்கு நன்றாகத் தெரிவது அந்தப் பக்கத்திலிருந்துதான்.

அவர் ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றார். விழுந்துவிடக்கூடாதே என்று அவருடைய இடைக்கச்சையை நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன்.

“ஏதாவது தெரியுதாடா?”

“இன்னும் கொஞ்சம் எட்டிப் பாருங்கண்ணே.”

எட்டிப் பார்த்தார். “பார்த்துட்டு சீக்கிரம் இறங்கணும். கீழ ஈரல் சுடச் சொல்லியிருக்கேன்,” என்றார்.

காதல் தீயில் என் ஈரல் வெந்தது என்று எத்தனையோ கஜல்களில் பாடியவர். கடைசியாகப் பேசியதும் ஈரலைப் பற்றித்தான். அதில் ஒரு பொருத்தம் இருப்பதாக இப்போதும் நினைக்கிறேன்.

நான் கச்சையை விட்டேன். விட்டேன் என்பது முழு உண்மையல்ல. முன்பக்கமாக விட்டேன்.

உடனே மேற்கே பார்த்தேன். பிறை இல்லை. அப்பாடா என்று மூச்சு வந்தது. படியிறங்கி என் வீடு போய்ச்சேர்வதற்குள் அக்கம்பக்கத்துக் கூரைகளில் ‘பிறை, பிறை’ என்று குரல் எழுந்தது. எனக்கு அதுவரை இருந்த கவலை அது ஒன்றுதான்.

பிறை பார்த்து இறங்கி வந்தவர்கள்தான் அவரைக் கண்டெடுத்தார்கள். மறுநாள் அடக்கத்திற்குள் கதை தயாராகிவிட்டது. பிறையைக் கண்டதும் காதலியின் புருவம் என்று எண்ணிக் குவாஜா இரு கைகளையும் நீட்டினாராம். வஜீர் சபையில் இதைக் கேட்டு ஒருவர் மயங்கியே விழுந்தார். யாரும் கவனிக்காததால் எழுந்து உட்கார்ந்துகொண்டார். கல்லறையில் என் வரியைச் செதுக்கினார்கள். ஆண்டு அச்சாக வருகிறது என்று ஊரே வியந்தது. நானும் அடக்கமாகத் தலையாட்டினேன்.

ஆனால் வரியின் கீழே என் பெயரைக் காணோம். ‘இது குஷ்தாவே தமக்காகப் பாடியது’ என்று செதுக்கியிருந்தார்கள். நோயில் கிடந்தபோதே தம் சாவின் ஆண்டை அறிந்து சொன்ன காதல் ஞானி என்று பேச்சு. பெண்கள் அங்கே வந்து துணிக்கிழிசலை முடிந்து வேண்டிக்கொண்டார்கள். வாசலில் ஒருவன் முலாம்பழக் கடை போட்டுவிட்டான். நான் ஷாத் பேகத்திடம் போனேன்.

“அண்ணி, அந்த வரி நான் எழுதினது.”

“என் காதால கேட்டேன் முல்லா. என் புருசன் வாயிலருந்துதான் வந்துச்சு.”

“அவர் வாயில போட்டதே நான்தான்.”

“இருந்தவரைக்கும் அவர் வீட்டுச் சோத்தைத் தின்னீங்க. இப்ப அவர் பாட்டும் வேணுமா?” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

சபையிலும் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள். ஒருவர், ஸபூரின் வரியாக இருந்தால் பாதியிலேயே தூக்கம் வந்திருக்குமே என்றார். நல்ல நகைச்சுவை என்று மறுபடியும் சொல்லச் சொன்னார்கள்.

இந்த நிலையில் நியாயமான மனிதன் என்ன செய்வான்? வரி என்னுடையது என்பதற்கு ஒரே சாட்சிதான் மிச்சம் இருந்தது. அந்த வரிக்காக இவ்வளவு பாடுபட, எழுதியவனைத் தவிர வேறு யாருக்கு மனம் வரும்? ஆகவே யாரும் கூப்பிடாமலேயே, நல்ல அங்கியை அணிந்துகொண்டு காஜியின் மன்றத்துக்குப் போனேன். கூரை, கூடை, கச்சை எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொள்ளும்போது வரியை மட்டும் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன்.

காஜியும் கவிஞர்தான். ஏன் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. அது அவருக்குப் புரிந்திருந்தது. தாடியை நீவிக்கொண்டு வேறொன்று கேட்டார்.

“பிறை தெரியிறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“முன்னால்தான், காஜி அவர்களே. அதில் நான் மிகக் கவனமாக இருந்தேன்.”

“அப்படின்னா பழைய வருசம்.”

“ஆமாம்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு என்னை இரக்கத்தோடு பார்த்தார். கொலைக்காக யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“முல்லா, இது புது வருசத்துக் கணக்கு. ஊர்க்காரங்க அவர் பிறை பார்த்த பிறகு விழுந்தார்னு நெனச்சிட்டு இருந்தாங்க. அதனால வரி சரியா இருந்துச்சு. நீர் வந்து உண்மையைச் சொல்லித் தப்பாக்கிட்டீர்.”

அவர் தாடியை மறுபடியும் நீவிக்கொண்டார்.

“ஒரு நாழிகை பொறுத்திருந்தா போதுமே,” என்றார்.

சிறையில் நேரத்துக்குப் பஞ்சமில்லை. சோறும் மோசமில்லை. வந்த அன்றே சுவரில் கரியால் வரியை எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டுக் கூட்டினேன். அலிஃப் என்று எங்கள் எழுத்து ஒன்று உண்டு. நெட்டுக்குத்தாக நிற்கும் ஒற்றைக் கோடு. காதலியின் உயரத்துக்குக் கவிஞர்கள் எல்லோரும் அதைத்தான் உவமை சொல்வோம். மதிப்பு ஒன்று.

அதை நான் எண்ணாமல் விட்டிருந்தேன்.