ராக்கெட்டில் போய் வந்தவர்கள்

மலைமேல் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் வாழவந்தி போகும் பஸ் இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன் சீட்டில் எஸ்டேட்டில் வேலை செய்கிற இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

“ராக்கெட்டுல போயிட்டு வந்தவங்களும் தன்னாட்டத்தான்னு எங்க ஊட்டுக்காரர் சொல்றாருங்க அக்கா.”

மாசியில் மிளகு பறிக்கும்போது, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து, அன்றிலிருந்து படுத்தே கிடக்கிறவரைப் பற்றித்தான் பேச்சு என்று போகப்போகப் புரிந்தது.

“அதெப்படி கண்ணு?”

“நாள் முச்சூடும் போன்ல ராக்கெட்டுப் படமாவே பாக்குறாருங்க. கதைப் படமில்லீங்க, நெசமாப் போனவங்களக் காட்டுறது. மாசக்கணக்கா மேல இருந்துட்டு எறங்குனா அவங்களால நிக்க முடியாதாமா. நாலு பேரு தூக்கிட்டுப் போறாங்க. அப்புறம் பயிற்சி பண்ணிப் பண்ணி நடந்தர்றாங்க.”

“நெசந்தானா?”

“நானும் பாத்தனுங்க. அதுலிருந்து இவரும் விட்டத்துல கயிறு கட்டச் சொல்லி, அதப் புடிச்சு எந்திரிக்கப் பாக்குறாரு. அழுகறதக்கூட உட்டுட்டாரு.”

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். “இனிமே நடக்க முடியாதுன்னு டாக்டர் உங்கிட்டச் சொன்னாருல்ல. அத அவருகிட்டச் சொன்னியா?”

பஸ் கிளம்பியது. இளையவள் மடியிலிருந்த பையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு ஜோடி புதுச் செருப்பு.

“பொங்கலுக்குள்ள நடந்தர்லாம், வாங்கிட்டு வான்னாரு. காலு நொம்பச் சூம்பிப் போச்சுங்க அக்கா. ஒரு சைஸ் கம்மியாத்தான் வாங்கியிருக்கறேன்.”