கடைசிச் சுற்றுக்குக் கூட்டம் வந்த விதம்

ராட்டினம் என்றாலே எனக்குத் தலைசுற்றும், சார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பேருந்தில்கூட ஜன்னலோர இருக்கை கிடைத்தால்தான் ஏறுவேன். அப்படிப்பட்டவனைப் பிடித்து ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் விளம்பரப் பிரிவுக்குத் தலைவனாகப் போட்டார்கள். பயத்தை விற்கப் பயந்தாங்கொள்ளிதான் சரியான ஆள் என்று முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது. அவர் கணக்கு தப்பவில்லை.

புது ரோலர் கோஸ்டருக்கு 'கடைசிச் சுற்று' என்று பெயர் வைத்தவன் நான்தான். அதைக் கட்டிய பொறியாளர் ரொம்ப நல்ல மனிதர். தலைக்கவசம் போட்டுக்கொண்டுதான் சாப்பிடவே உட்காருவார். வளைவுகளைக் கொஞ்சம் குறைத்து, இறக்கங்களைக் கொஞ்சம் சாய்த்து, கடைசியில் குழந்தையைத் தூங்கவைக்கிற வண்டி ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டார். நடுவில் வருகிற சுரங்கத்தில் அது ஏறக்குறைய நடைவேகத்தில்தான் போகும். வெள்ளோட்டத்தில் முன்வரிசையில் ஏறிய முதலாளியின் மாமியாரை, வண்டி நின்ற பிறகு தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. "பாதுகாப்பா இருக்குல்ல சார்?" என்று பொறியாளர் பெருமையாகக் கேட்டார். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

நான் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. மனிதன் பயப்படுவது வண்டியில் அல்ல, வரிசையில். அதனால் வரிசையை மட்டும் கொஞ்சம் சீர்செய்தேன். டிக்கெட் கிழிப்பவருக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டேன். ஏறப்போகிறவரின் நாடியைப் பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "ம்... சரி, போங்க. பாத்துக்கலாம்" என்று சொல்வது மட்டும்தான் அவர் வேலை. வாசலில் ஒரு ஆம்புலன்ஸை இன்ஜின் அணைக்காமல் நிறுத்தினேன். இறங்குமிடத்தில் 'உறவினர்கள் காத்திருக்கும் இடம்' என்று எழுதி ஒரு பெஞ்சு போட்டேன். பெஞ்சின் மேல் கண் துடைக்கக் காகிதக் கைக்குட்டைப் பெட்டி.

ஜனங்கள் ஏறுவதற்கு முன்பே அலறினார்கள். இறங்கியதும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவர் அங்கேயே சமாதானமாகிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். கெட்டது செய்கிறோம் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

அப்புறம் ஒரு பெண் அந்த வண்டியில் உட்கார்ந்து சிந்தாமல் ஐஸ்கிரீம் சாப்பிடுவதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஊரே பார்த்துச் சிரித்தது. வரிசை காற்று வாங்கியது. "மாசக் கடைசியில இழுத்து மூடிரலாம்யா" என்றார் முதலாளி. எத்தனை பேர் பிழைப்பு அது. ஒருவர் போய்த் திரும்பாமல் இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று அப்போதுதான் தோன்றியது. சாகடிக்கிற எண்ணம் எனக்கு இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

என் தங்கை கணவர் நாடக நடிகர். பிணமாக நடித்தே பேர் வாங்கியவர். கொஞ்ச காலமாகப் பிணத்துக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை.

"எத்தனை நாளைக்கு மச்சான்?" என்று கேட்டார்.

"ஒரே வாரம் மாப்பிள்ளை. அப்புறம் நினைவு தப்பி எங்கேயோ கிடந்துட்டுத் திரும்பி வந்த மாதிரி வந்துருங்க. பேட்டி, போட்டோ, எல்லாம் உண்டு."

"நல்ல வேஷம்தான்" என்றார். பாவம், அவருக்குக் கண்ணெல்லாம் மின்னியது.

சுரங்கத்தின் நடுவில், வெள்ளோட்டத்துக்குப் பயன்படுத்துகிற தண்ணீர் நிரப்பிய ஆளுயரப் பொம்மைகளை வைக்க ஒரு அறை உண்டு. கடைசி வரிசையில் தனியாக ஏறியவர், அந்த நடைவேகத்தில் தலையணையும் கையுமாக இறங்கி உள்ளே போய்விட்டார். செருப்பை மட்டும் இருக்கையில் விடச் சொல்லியிருந்தேன். வண்டி வெளியே வந்தபோது அந்தச் செருப்பைப் பார்த்து ஆளாளுக்குப் போனை எடுத்துப் போலீஸைக் கூப்பிட்டார்கள். உங்கள் ஆட்களும் வந்து, வண்டியை நிறுத்திவைத்துத் தேடினார்கள். அந்த அறையையும் எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை பொம்மைகளோடு பொம்மையாக உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்க்கையிலேயே சிறந்த நடிப்பு அதுதான். பாராட்ட ஆளில்லாமல் போயிற்று.

மறுபடி திறந்த அன்று வரிசை பேருந்து நிறுத்தம்வரை நீண்டது.

தங்கையிடம் நான் சொல்லவில்லை. அவளுக்கு நடிக்க வராது. பொய் சொன்னால் காது சிவந்துவிடும். தினமும் காலையில் வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு வெள்ளைக் கோட்டுக்காரர் நாடி பார்க்கவே தேவையிருக்கவில்லை. நானே டீ வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். "கால்ல செருப்புகூட இல்லாம எங்க போனாருண்ணா?" என்று கேட்டாள். எனக்கும் கண் கலங்கியது, சார். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

ஒரு வாரம் முடிந்தது. வரிசை முடியவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் மாப்பிள்ளை" என்றேன். "நான் வீட்டுக்குப் போறேன். அவ என்ன பாடு படுறாளோ" என்றார். அன்றைக்குத்தான் பூட்டு வாங்கினேன். மின்விசிறி இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, மூன்று வேளைச் சாப்பாடும் என் கையால்தான் போகிறது. சொந்த மச்சானுக்கு யார் இவ்வளவு செய்வார்கள்?

அவர்தான் கத்த ஆரம்பித்தார். வண்டி சுரங்கத்துக்குள் நுழையும்போதெல்லாம் கதவை இடித்துக்கொண்டு, "நான் உசுரோடதான் இருக்கேன்! யாராவது கதவைத் திறங்க!" என்று கத்துவார். குட்டு உடைந்துவிடுமோ என்று பயந்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜனங்கள் சொக்கிப்போனார்கள். அந்த இடத்துக்காகவே திரும்பத் திரும்ப ஏறினார்கள். பதிலுக்கு அவர்களும் கத்தினார்கள். பொறியாளர்கூட என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பிரமாதம் சார், ஸ்பீக்கரை எங்க வச்சீங்க?" என்றார். தொழில் ரகசியம் என்று சிரித்துவிட்டேன்.

நேற்று தங்கை, "அவர் கடைசியாப் போன வழிய நானும் ஒருதடவ பாக்கணும்ணா" என்றாள். எப்படி மறுப்பது? தலைசுற்றலைப் பார்க்காமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுரங்கத்துக்குள், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, வீட்டில் மட்டும் கூப்பிடுகிற பெயரைச் சொல்லி, "குட்டிம்மா! குட்டிம்மா!" என்று அவர் கதறினார். அவள் ஏறியது அவருக்குத் தெரியாது. தினமும் அப்படித்தான் கூப்பிடுவார்.

தங்கை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வெளிச்சத்துக்கு வந்ததும் உதறினாள். "அவர் குரலைப் பதிவு பண்ணி வச்சு விக்கிறியா? செத்தவரோட குரலை? நீ மனுசனாண்ணா?" என்றாள். நேராக உங்களிடம் வந்து புகார் கொடுத்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அந்த ஸ்பீக்கரைப் பறிமுதல் செய்ய உங்கள் ஆட்கள் காலையிலிருந்து சுரங்கம் முழுக்கச் சுவரைத் தட்டித் தேடுகிறார்கள். அவர்களைப் போகச் சொல்லிவிடுங்கள், சார். அப்படி ஒன்று அங்கே கிடையாது. பதிவு செய்த குரலை உண்மை என்று சொல்லி விற்கிறவன் இல்லை நான். இந்தாருங்கள், பொம்மை அறைச் சாவி. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு திறந்தால் நல்லது. அதுவரைக்கும் டிக்கெட் வாங்கிவிட்டார்கள், ஜனங்களை ஏமாற்றக் கூடாது.