இறைக்காமல் இறங்கும் தண்ணீர்

தலைமையேற்று நடுவில் வீற்றிருக்கும் மாதர் சங்கத் தலைவி ஜானகியம்மாள் அவர்களே, கடல் கல்வி மாநாட்டைக் கடலே இல்லாத இந்த நெய்வேலியில் நடத்தத் துணிந்த செயலாளர் சோமசுந்தரம் ஐயா அவர்களே, பாடம் சொல்லும் வாயோடு பாடம் கேட்கும் காதையும் கொண்டுவந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, இரவு ஷிப்டு முடித்தும் வீட்டுக்குப் போகாமல் கடைசி வரிசைக்கு வந்துவிட்ட பெரியோர்களே, இட்லிப் பானையை இறக்கிவைத்த கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் துரைராஜ் மகள் விஜயகுமாரியின் பணிவான வணக்கம்.

நேற்று கடற்கரையில் நான் முதலில் கண்டது மிகச் சிறிய ஒன்று. சோற்றுக் குண்டானின் அடி நனைந்திருந்தது. அவ்வளவுதான்.

சத்தமாகப் பேசச் சொல்கிறீர்களா? பேசுகிறேன் அக்கா. எங்கள் வீட்டு அடுப்புக்குக்கூடக் கேட்காத குரல் இது. இந்த மைக் அசையாமல் நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நானும் நிற்கிறேன்.

எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்த மேடையில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். மாநாட்டின் முதல் நாளே தலைவியம்மாள் ஒரு வழக்கம் வைத்தார். கல்விப் பயணம் போய் வந்தவர் ஒவ்வொருவரும் மறுநாள் காலை இங்கே ஏறி, தாம் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று காலை எல்லாரும் சொல்லி முடித்தார்கள். செயலாளர் ஐயா எழுந்து, "முடிஞ்சுதுங்களா, வண்டி நிக்குது" என்றார். அம்மாள் அசையவில்லை. "நம்ம குமாரியும் அந்த வண்டியிலதான போயிட்டு வந்தா? அவ இன்னும் சொல்லலியே" என்றார். அதனால் சொல்கிறேன்.

நேற்று நான் போனது பரிமாறுவதற்காக. உப்பங்கழி கடலில் சேரும் இடம். பிறந்தது முதல் நான் கடலைக் கண்டதில்லை. பேருந்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும் கடலை, பதினாறு வயது வரை கண்டதில்லை. காய்ந்த மணலாகப் பார்த்துத்தான் குண்டானை வைத்தேன். எல்லாருக்கும் இலை போட்டேன். புளிச்சோறு வைத்தேன். இரண்டாம் முறை கரண்டியோடு திரும்பி வந்தபோது குண்டானின் அடி ஈரம். காய்ந்திருந்த இடத்தில் தண்ணீர்.

சுரங்கத்தில் வேலை பார்க்கும் வீடுகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூர் ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. அது எப்போதும் மேலே வரப் பார்க்கும். அதை எப்போதும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்பு தூங்கக் கூடாது. பம்பைப் பார்ப்பவரும் தூங்கக் கூடாது. என் அப்பா அங்கே காண்ட்ராக்ட் கூலி. எனக்கு நடை பழக்கியபோதே அவர் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. "காஞ்ச எடத்துல தண்ணி வந்தா, ஏன்னு கேட்டுகினு நிக்காத. ஏறு. மேல வந்து கேளு."

நான் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கரண்டியைத் தூக்கிப் பிடித்துக் கத்தினேன். "பம்பு நின்னுபோச்சு, எல்லாரும் மேல ஏறுங்க."

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் நேற்று அங்கே யாரும் சிரிக்கவில்லை. ஏன் தெரியுமா? அதற்கு முந்தின நாள்தான் இதே ஆசிரியர்களைச் சுரங்கம் காட்ட அழைத்துப் போயிருந்தார்கள். தலையில் தொப்பி மாட்டி, "ஏறச் சொன்னா யோசிக்காம ஏறணும்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நல்ல மாணவர்கள் அல்லவா? இலையை விட்டார்கள், சோற்றை விட்டார்கள், மணல்மேட்டில் ஏறி நின்றார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்து மருதாசலம் ஐயா ஒற்றைச் செருப்போடு நின்றார். மற்றதை ஓர் அலை கொண்டுபோயிற்று. அடுத்த அலை கொண்டுவந்து போட்டது. "ஏனுங்க அம்மிணி, கடலுக்கு நாணயம் இருக்குதுங்க" என்றார் அவர்.

அப்போது தூத்துக்குடி டீச்சர் புஷ்பவல்லி அக்காதான் என் தோளைத் தொட்டார். "ஏ பிள்ள, பயப்படாத. அது கடல் ஏத்தம்லா. தண்ணி ஏறும். பொறவு தன்னால வத்திப் போவும்."

நான் கேட்டேன். "யாரு எறைப்பாங்க அக்கா?"

அந்தக் கேள்விக்குத்தான் மணல்மேடே சிரித்தது. வண்டி வரும் வழியெல்லாம் சிரித்தது. நானும் குனிந்துகொண்டு சிரித்தேன். ஆனால் கேள்வி மட்டும் என் நெஞ்சைவிட்டு இறங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் சட்டைப் பொத்தானைப் போடாமல் நின்றுவிட்டார். "யாரும் எறைக்காம தண்ணி எறங்குமா? எவன் சொன்னான் உனுக்கு?"

"டீச்சரு சொன்னாங்கப்பா."

"நீ பாத்தியா?"

"இல்லப்பா. ஏறுனதைத்தான் பாத்தேன்."

"அப்ப நாளைக்கிப் போய் எறங்குறதையும் பாரு. பாத்துட்டு வந்து சொல்லு."

அவையோரே, என் அப்பா கேட்டது பொன்னா? பொருளா? பட்டுப் புடவையா? காலமெல்லாம் தண்ணீரோடு மல்லுக்கட்டியவர், தானே இறங்கும் தண்ணீர் ஒன்று இந்த உலகத்தில் உண்டா என்று கேட்டார். அதைப் பார்த்துவரத் தன் மகளை அனுப்பினார்.

இன்று வெளியே நிற்கும் வண்டி அதே கரைக்குத்தான் போகிறது. வற்றிய கழியில் நண்டையும் சிப்பியையும் பார்க்கப் போகிறது. விடிந்ததும் செயலாளர் ஐயாவிடம் போய்க் கேட்டேன். ஐயா கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "இன்னிக்குச் சாப்பாட்டைப் பொட்டலமாவே கட்டியாச்சும்மா, பரிமாற ஆள் வேணாம். இது கல்விப் பயணம். நீ மறுபடி ஒரு சத்தம் போட்டா, எல்லாரும் மறுபடி மேட்டுல ஏறிடுவாங்க."

ஐயா மாநாட்டின் பொறுப்பைச் சுமப்பவர். அவர் கவலை நியாயமானது. ஆனாலும் ஐயா, அறியாத சிறுமி அடக்கத்தோடு கேட்கிறேன். கல்விப் பயணம் யாருக்கு? கடலை அறிந்தவருக்கா, அறியாதவருக்கா? அறிந்தவர் போய் அறிந்ததையே பார்த்துத் திரும்பினால் அது பயணம். அறியாதவர் போய் அறிந்து திரும்பினால் அதுதானே கல்வி?

கைதட்டலைக் கொஞ்சம் பத்திரமாக வைத்திருங்கள். ஐயா இன்னும் கைக்கடிகாரத்தைத்தான் பார்க்கிறார்.

நாங்கள் குடிமாறியபோது பள்ளிக்கூடம் தூரமானது, நான் நின்றேன். தம்பிக்கு அம்மை கண்டபோது ஒரு வருஷம் போனது, நான் நின்றேன். நிற்கச் சொன்ன இடத்திலெல்லாம் நின்றவள்தான் நான். கடல் நிற்கிறதா? பம்பு நிற்கிறதா? நான் மட்டும் ஏன் நிற்க வேண்டும்? வண்டியில் இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. நேற்று கடைசி இருக்கையில் குண்டான் உட்கார்ந்து வந்தது. குண்டானுக்குக் கிடைத்த இடம் குமாரிக்குக் கிடைக்காதா?

நான் இன்று கத்த மாட்டேன். தண்ணீர் ஏறினாலும் கத்த மாட்டேன், இறங்கினாலும் கத்த மாட்டேன். ஈரமான இடத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். மோட்டார் இல்லாமல், ஷிப்டு இல்லாமல், ஒரு மனிதனின் தூக்கம் கெடாமல் தண்ணீர் இறங்குகிறதா என்று இந்தக் கண்ணால் பார்ப்பேன். இறங்கினால் இறங்கியது என்று சொல்வேன். இறங்காவிட்டால், புஷ்பவல்லி அக்கா, அதையும் சொல்வேன்.

கடைசி வரிசையில் கதவோரம் நிற்கிறாரே, அவர்தான் என் அப்பா. கண் சிவந்திருக்கிறது. அப்பா, நீங்கள் வீட்டுக்குப் போய்ப் படுங்கள். சாயங்காலம் வந்து சொல்கிறேன்.

பேச அழைத்த தலைவியம்மாளுக்கும், ஓடிக் களைத்த ஆசிரியர்களுக்கும், இவ்வளவு நேரம் பொறுத்த செயலாளர் ஐயாவுக்கும், முதல்முறை திறந்த வாயை மூடச் சொல்லாத இந்தச் சபைக்கும் என் நன்றி. நேற்று பரிமாறப் போனேன். இன்று பார்க்கப் போகிறேன். வணக்கம்.

இதோ, வெறுங்கையோடு இறங்கிப் போய் வண்டியில் ஏறுகிறேன்.