மண் விட்ட மூச்சு

ஹலோ... ஹலோ, நான்தாங்க. கேக்குதா?... ஆமா, ஆமா, கருத்தரங்குலதான் இருக்கேன். வராண்டாவுக்கு ஓடி வந்து பேசறேன். பக்கத்துல என்ன அப்படி ஒரு சத்தம்?... யார் வீட்டு ஃபிரிட்ஜா இருந்தா என்னங்க, ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க. உங்க ரிப்பேரு எங்கயும் ஓடிடாது.

...ம், இப்பக் கேக்குது. ஒரே ஒரு கேள்வி. சட்டுனு பதில் சொல்லிடுங்க, நான் உள்ள போகணும்.

...இல்ல, நல்லாதான் போச்சு. எங்க ஆராய்ச்சி கைடு மேடையில பிச்சு உதறிட்டார். பெரிய திரையில நம்ம அளவெல்லாம் படமா போட்டு... ஆமா, என் கால் மாவுக்கட்டுல இருந்தப்ப சாயங்காலம் சாயங்காலம் போய் எடுத்தீங்களே, அதேதான்... உங்க பேரா? இருக்கு. நன்றி சொல்ற பக்கத்துல, கடைசியா... சின்ன எழுத்துதான். ஆனா இருக்கு.

கேளுங்க முதல்ல. மண்ணுக்குள்ள பொதைச்ச குழாயிலேர்ந்து ஊசியில காத்து இழுத்தீங்க இல்ல? மழை பெஞ்ச அன்னிக்கெல்லாம் அந்தக் காத்துல கார்பன் டை ஆக்சைடு தாறுமாறா ஏறியிருக்கு. அதை வச்சு சார் புதுசா ஒரு கொள்கையே கட்டிட்டார். மழை பட்டதும் ஆழத்துல இருக்கிற மண்ணு முழிச்சுக்குதாம். மனுஷன் மாதிரியே மூச்சு விடுதாம்... ஆமா, கை தட்டினாங்க. நானும் தட்டினேன்.

முன்வரிசையில ஒரு அம்மா மட்டும் தட்டல. மழைக்கப்புறம் குழாயில தண்ணி நின்னிருக்குமே, எப்படிக் காத்து எடுத்தீங்கன்னு கேட்டுட்டாங்க. சார் என்னைப் பாத்தார். நான் ஃபோனைக் காட்டிட்டு வெளிய வந்துட்டேன். அவர் இப்ப வேற யாருக்கோ பதில் சொல்லிட்டிருக்கார். சொல்லுங்க, தண்ணி நின்னுச்சா?

...நின்னுச்சு. சரி. ஊசிக்குக் காத்தே வரல. சரி, சரி. அப்புறம்?

...

என்னது?

...

ஊதினீங்களா? வாயாலயா?

...இல்ல, கத்தல. கத்தலைங்க... ஃபிரிட்ஜ் குழாய் அடைச்சா ஊதுவீங்க, தெரியும். கல்யாணம் ஆனதுலேர்ந்து பாத்துட்டுதானே இருக்கேன்... மண்ணுல குமிழி வர்ற வரைக்குமா? பேஷ். அரைகுறையா விட்டிருந்தாலாவது தப்பிச்சிருப்போம்.

...ஆமா, குழாயில தங்கின காத்து போகட்டும், முதல் ஊசியை வெளிய விட்டுட்டு ரெண்டாவதைத்தான் குப்பியில ஏத்தணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்... சரியா செஞ்சீங்க. அதுல ஒரு குத்தமும் இல்ல.

ஏங்க, நாம வெளிய விடற மூச்சுல என்ன இருக்கும்?... ஆங், அதேதான். நூத்துக்கு நாலு பங்கு. திரையில இருக்கிற உச்சமும் கிட்டத்தட்ட நாலு. மனுஷன் மாதிரியேன்னு சார் சொன்னாரே, சரியாத்தான் சொல்லியிருக்கார். எந்த மனுஷன்னுதான் தெரியல.

...இருங்க, நடுவுல கொஞ்ச நாள் மழை பெஞ்சும் அளவு ஏறவே இல்லையே, அது?... சளியா?... ஊதினா இருமல் வருதுன்னு தண்ணி தானா வடியற வரைக்கும் காத்திருந்தீங்க. அடடா. அந்த இறக்கத்துக்கு சார் தனியா ஒரு படம் போட்டு விளக்கினார்ங்க. மண்ணு களைச்சுப் போயிடுதாம்.

சிரிக்காதீங்க. நானும் சிரிச்சிடுவேன், அப்புறம் அழுதிடுவேன்.

...

...

இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.

...என்ன ஆகும்? மழைநாள் அளவெல்லாம் தூக்கிப் போடணும். மிச்சம் இருக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. அதுக்கு யாரும் எனக்குப் பட்டம் குடுக்கமாட்டாங்க. அடுத்த மழைக்காலம் வரணும், மறுபடி முதல்லேர்ந்து...

...சொல்லாம விட்டுட்டா? ம்... பம்பு வச்சுத் தண்ணியை எடுத்தோம்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அந்தம்மா தலையாட்டிட்டு உக்காந்திடுவாங்க... யோசிக்காமலா? நீங்க ஊதினேன்னு சொன்ன நிமிஷத்துலேர்ந்து அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்.

...

இல்லைங்க. நாளைக்கு எவனோ ஒருத்தன் நம்ம பேச்சை நம்பி எங்கயோ குழாயைப் பொதைச்சுட்டு, மண்ணு ஏன் மூச்சு விடலைன்னு மழையில நனைஞ்சுட்டு உக்காந்திருப்பான். பாவம், அவனுக்கு ஊதிக் குடுக்க வீட்டுல ஆள் இருக்காது.

...கோவமா? தெரியல. சேத்துல முட்டி போட்டு எனக்காக ஊதியிருக்கீங்க. கோவப்படவும் வரமாட்டேங்குது, படாம இருக்கவும் முடியல... அதெல்லாம் வீட்டுக்கு வந்து பாத்துக்கலாம்.

இருங்க, சார் கதவைத் திறக்கறார்... வந்துட்டேன் சார்... கேட்டுட்டேன் சார். பதில் கெடச்சிருச்சு... முதல்ல உங்ககிட்ட தனியா ஒரு நிமிஷம்... இல்ல சார், அது வந்து... சரி சார். அப்ப மைக்கிலயே சொல்லிடறேன்.

ஏங்க... நீங்களும் கேக்கணுமா? எதுக்குங்க?... சரி, வைக்கல. கையிலயே பிடிச்சிருக்கேன். பேசாம இருங்க.

...

வணக்கம். அம்மா, நீங்க கேட்டது சரிதான். மழைக்கப்புறம் குழாயில தண்ணி நின்னுச்சு. என் வீட்டுக்காரர் வாய் வச்சு ஊதி அதை வெளியேத்தியிருக்கார். அதனால நீங்க திரையில பாக்கிறது... சார், ஒரு நிமிஷம்... சார், நான் இன்னும் முடிக்கல சார்... பரவால்ல, மைக்கை நீங்களே வச்சுக்கோங்க. எனக்குச் சத்தமாவே பேச வரும். அம்மா, அது மண்ணு விட்ட மூச்சு இல்லம்மா, அது எங்க—